கலப்பு வைரஸ்களும் குரங்குகளும்: எச்.ஐ.வி. ஆய்வில் 'ஷிவ்' எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எச்.ஐ.வி. குரங்குகளுக்குத் தொற்றாது என்று படிக்கிறோம், ஆனால் எச்.ஐ.வி. தடுப்பூசி, மருந்து பற்றிய செய்திகளில் பாதி 'குரங்குகளில் வெற்றி' என்றே தொடங்குகின்றன. இது எப்படிப் பொருந்தும், இதற்காக உருவாக்கப்படும் கலப்பு வைரஸ் என்பது என்ன, அதில் கிடைக்கும் முடிவை மனிதர்களுக்கு எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், குரங்கு வைரஸின் உடலில் எச்.ஐ.வி.யின் சில மரபணுக்களைப் பொருத்தி இந்தக் கலப்பு வைரஸ்களை உருவாக்குகிறார்கள். எந்தப் பகுதி எச்.ஐ.வி.யிலிருந்து வந்ததோ அந்தப் பகுதி தொடர்பான கேள்விக்கு மட்டுமே அவை நம்பத்தக்க விடை தரும். இந்த வரம்பை மதித்து நடத்தப்பட்ட ஆய்வுகள் மனிதர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டன. மதிக்காதவை பெரிய ஏமாற்றத்தில் முடிந்தன.

முதலில், உலகெங்கும் பரவியுள்ள முதன்மை வகையான எச்.ஐ.வி.-1, ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் ஆசியக் குரங்கினமான ரீசஸ் குரங்குகளில் ஏன் பெருகுவதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். செல்லுக்குள் நுழைவதிலேயே சிக்கல் என்று பலர் எண்ணுகிறார்கள். நுழைவிலும் ஓரளவு தடை உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன்; ஆனால் முதன்மையான தடைகள் செல்லுக்குள்தான் காத்திருக்கின்றன. ரீசஸ் குரங்கின் செல்களில் உள்ள ட்ரிம்5ஆல்ஃபா என்னும் புரதம், எச்.ஐ.வி.யின் மரபணுப் பொருளைப் பொதிந்திருக்கும் கேப்சிட் கூட்டை அடையாளம் கண்டு, வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு முடியும் முன்பே தொற்றை முறித்துவிடுகிறது. 2004இல் ஜோசப் சோட்ராஸ்கியின் ஆய்வகம் இதைக் கண்டறிந்தது. இரண்டாவது காவல் அபோபெக்3ஜி. அது வைரஸ் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழைகளைத் திணித்து மரபணுவைப் பயனற்றதாக்குகிறது. எச்.ஐ.வி.யின் விஃப் புரதம் மனித அபோபெக்கை அழித்துவிடும். ரீசஸின் அபோபெக்கை அதனால் தொட முடியாது. மூன்றாவதான டெதரின், செல்லிலிருந்து வெளியேறும் புதிய வைரஸ் துகள்களை மேற்பரப்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி.யின் விபியூ புரதம் மனித டெதரினைச் சமாளிக்கிறது, குரங்கினுடையதைச் சமாளிப்பதில்லை.

சிம்பன்சிகளில் எச்.ஐ.வி.-1 வளரும், அந்த வைரஸின் மூதாதையே சிம்பன்சிகளின் வைரஸ்தான். எனினும் தொற்றுக்குள்ளான சிம்பன்சிகளில் மிகச் சிலவே எய்ட்ஸ் நிலையை அடைந்தன. அழியும் நிலையிலுள்ள இனம், மிகுந்த செலவு, அறம் சார்ந்த கேள்விகள் எல்லாம் சேர்ந்து அந்த வழியை முற்றிலும் அடைத்துவிட்டன.

எஞ்சியது எஸ்.ஐ.வி. எனப்படும் குரங்கு வைரஸ். 1985இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பிரைமேட் ஆய்வு மையத்தில், நோயுற்ற ரீசஸ் குரங்குகளிலிருந்து எஸ்.ஐ.வி.மேக் பிரித்தெடுக்கப்பட்டது. இது ரீசஸின் இயற்கையான வைரஸ் அன்று. ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் வைரஸ், ஆய்வு மையங்களில் தற்செயலாக ரீசஸ் குரங்குகளுக்குத் தாவி, புதிய இனத்தில் கொடிய நோயாக மாறியது. அதே மாங்கபே வைரஸ் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதருக்குத் தாவியதன் விளைவே எச்.ஐ.வி.-2. இந்த எஸ்.ஐ.வி. நமக்குக் கற்பித்தவை குறைவல்ல. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள சிடி4 செல்கள் (இந்த வைரஸ்கள் குறிவைக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) பெருமளவில் அழிகின்றன என்பது 1998இல் முதலில் குரங்குகளில்தான் தெரிந்தது, மனிதர்களில் பின்னர் உறுதியானது. தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 செல்களை நீக்கியதும் குரங்கின் இரத்தத்தில் வைரஸ் எகிறுவதை 1999இல் காட்டியபோது, வைரஸைக் கட்டுக்குள் வைப்பதில் அந்தச் செல்களின் பங்கு ஐயத்திற்கு இடமின்றித் தெளிவானது. தொற்றிய மூன்றாம் நாளிலேயே மருந்தைத் தொடங்கினாலும், நிறுத்தியபின் வைரஸ் திரும்பிவிடுகிறது என்பதை 2014இல் எஸ்.ஐ.வி. ஆய்வே காட்டியது, செல்களுக்குள் உறங்கிக்கிடக்கும் வைரஸின் மறைவான இருப்பு எவ்வளவு விரைவில் உருவாகிறது என்பதை மனிதர்களில் இத்தனை துல்லியமாகக் காண வாய்ப்பே இல்லை.

ஆனால் எஸ்.ஐ.வி.யும் எச்.ஐ.வி.-1உம் மரபணு வரிசையில் பாதியளவே ஒத்தவை. வேறுபாடு மிகுதியாக இருப்பது வைரஸின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் உறைப்புரதத்தில்; மனித உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் (கிருமியைப் பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதங்கள்) குறிவைப்பதும் அதையே. ஆகவே எச்.ஐ.வி.யைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குக்குச் செலுத்தினால் அது பற்றிக்கொள்ள எதுவுமே இருக்காது. எச்.ஐ.வி. உறைப்புரதத்தைக் கொண்டு தயாரித்த தடுப்பூசியின் கதியும் அதுவே. நெவிரபின், எஃபாவிரென்ஸ் வகை எச்.ஐ.வி. மருந்துகளும் எஸ்.ஐ.வி.யின் படியெடுக்கும் நொதியில் வேலை செய்வதில்லை.

கலப்பு வைரஸ் பிறந்தது இந்த முட்டுக்கட்டையிலிருந்து. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகியோ அடாச்சியோடு இணைந்த குழுவினர் இரு வைரஸ்களின் மரபணுக்களையும் இணைத்து முதல் கலப்புகளை ஆக்கினர். 1992இல் சோட்ராஸ்கி, நார்மன் லெட்வின் ஆகியோரின் குழு, எச்.ஐ.வி.யின் உறைப்புரதத்தைத் தாங்கிய கலப்பு வைரஸ் ரீசஸின் நெருங்கிய உறவினமான சைனோமோல்கஸ் குரங்குகளில் தொற்றுவதைக் காட்டியது. 'ஷிவ்' என்ற பெயர் நிலைத்தது. வழக்கமான ஷிவ்வின் அமைப்பு இதுதான்: உட்புறக் கட்டமைப்பைத் தரும் காக், நொதிகளைத் தரும் போல், அவற்றோடு விஃப், விபிஎக்ஸ், நெஃப் போன்றவை எஸ்.ஐ.வி.மேக்கிலிருந்து, டாட், ரெவ், விபியூ, உறைப்புரதத்தைத் தரும் என்வ் ஆகியவை எச்.ஐ.வி.-1இலிருந்து. முன்னர் சொன்ன மூன்று காவல்களோடு இதைப் பொருத்திப் பார்த்தால் பங்கீட்டின் பொருள் விளங்கும். கேப்சிட் எஸ்.ஐ.வி.யினுடையது, எனவே ட்ரிம்5ஆல்ஃபா அதைப் பிடிப்பதில்லை. விஃப் எஸ்.ஐ.வி.யினுடையது, எனவே குரங்கின் அபோபெக் அழிக்கப்படுகிறது. எஸ்.ஐ.வி.யின் நெஃப், குரங்கின் டெதரினைக் கவனித்துக்கொள்கிறது. வியப்பு என்னவென்றால், ட்ரிம்5ஆல்ஃபாவும் டெதரினும் அடையாளம் காணப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தத் துண்டை எதிலிருந்து எடுத்தால் வைரஸ் வளர்கிறது என்று முயன்று பார்த்தே இந்தப் பங்கீட்டை அடைந்துவிட்டார்கள்.

'கலப்பு வைரஸ்' என்றதும் புதிய கொள்ளைநோயை நினைத்து அஞ்சுவோர் உண்டு. ஷிவ் பரவும் வழி அதன் பெற்றோர் வைரஸ்கள் பரவும் வழியே. சிடி4 உள்ள செல்களுக்குள்தான் அது நுழையும், காற்றில் பரவும் தன்மையை அது பெற்றுவிடுவதில்லை. கையாள்வோருக்கு ஆபத்து உண்டு, அதற்கேற்ற பாதுகாப்பு ஆய்வகங்களில்தான் கையாளப்படுகிறது.

முதல் ஷிவ்கள் குரங்குகளில் தொற்றினவே தவிர நோயை உண்டாக்கவில்லை. சில வாரங்களில் அடங்கிவிட்டன. ஆகவே தொற்றிய குரங்கின் இரத்தத்தை அடுத்த குரங்குக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராக மாற்றி, வைரஸைக் குரங்கின் உடலுக்குப் பழக்கினார்கள். அப்படி 1996இல் வெளிப்பட்டதுதான் ஷிவ்-89.6பி, பெயரின் இறுதியிலுள்ள 'பி' இந்தத் தொடர் மாற்றத்தைக் குறிக்கிறது. அது தொற்றிய சில வாரங்களில் இரத்தத்தின் சிடி4 செல்கள் ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடும், பல குரங்குகள் சில மாதங்களில் எய்ட்ஸால் இறந்துவிடும். சிகிச்சையற்ற மனிதரில் பத்தாண்டு அளவில் நடப்பது இங்கே மாதங்களில் நடந்தது. தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு இது வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தடுப்பூசி வேலை செய்கிறதா என்பது விரைவாக, பளிச்செனத் தெரிந்துவிடுமே.

தெரிந்தது போலவே இருந்தது. 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த ஆய்வுகளில் டி.என்.ஏ. தடுப்பூசி, அதைத் தொடர்ந்து எம்.வி.ஏ. (பெரியம்மைத் தடுப்பூசி வைரஸின் வீரியமிழந்த வடிவம்) வழியான ஊக்கத் தடுப்பூசி, அடினோவைரஸ்5 என்னும் சளிக்காய்ச்சல் வைரஸைச் சுமப்பானாகக் கொண்ட தடுப்பூசி ஆகியவை 89.6பி தொற்றைத் தடுக்காவிட்டாலும் குரங்குகளை நோயிலிருந்து காத்தன. சிடி4, சிடி8 செல்களை உள்ளடக்கிய டி செல்களைத் தூண்டினால் போதும், எதிர்ப்பொருள் இல்லாமலே எய்ட்ஸைத் தள்ளிவைக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. அடினோவைரஸ்5 வகைத் தடுப்பூசி, 'ஸ்டெப்' என்ற பெயரில் சுமார் 3,000 தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது. 2007 செப்டம்பரில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. தடுப்பூசி தொற்றைத் தடுக்கவில்லை, தொற்றியவர்களின் இரத்தத்தில் வைரஸ் அளவையும் குறைக்கவில்லை. அடினோவைரஸ்5க்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் கொண்டிருந்த, விருத்தசேதனம் செய்யாத ஆண்களிடையே தொற்று கூடியதாகவும் தெரிந்தது.

இதைக் காட்டிக் குரங்கு ஆய்வே வீண் என்று முடிவு கட்டுவோர் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. பிழை குரங்கில் இல்லை, தேர்ந்தெடுத்த வைரஸில் இருந்தது. மனிதர்களுக்கிடையே பரவும் எச்.ஐ.வி. ஏறத்தாழ எப்போதும் செல்லின் மேற்பரப்பில் சிடி4 மூலக்கூறோடு சிசிஆர்5 என்னும் துணை ஏற்பியையும் பிடித்து நுழைவது. அது குடலில் நிறைந்துள்ள, முன்பே கிருமிகளை எதிர்கொண்ட நினைவு சிடி4 செல்களைத் தாக்கி, எஞ்சியவற்றை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. 89.6பி பெரும்பாலும் சிஎக்ஸ்சிஆர்4 என்னும் வேறொரு துணை ஏற்பி வழியாக நுழைந்து, இன்னும் எதையும் எதிர்கொள்ளாத இளம் சிடி4 செல்களை ஒரே வீச்சில் அழிக்கிறது. அந்த வீச்சின் உச்சத்தைத் தடுப்பூசி சற்றே தணித்தாலும் இளம் செல்கள் தப்பிவிடும். தப்பியவற்றின் துணையோடு உடல் எதிர்ப்பொருளையும் உருவாக்கி, எளிதில் செயலிழக்கக்கூடிய அந்த வைரஸை அடக்கிவிடும். அதாவது, 89.6பி வேகமாகக் கொல்லும் வைரஸ், ஆனால் எளிதில் அடங்கும் வைரஸ். எச்சரிக்கையும் முன்பே கிடைத்திருந்தது. அடினோவைரஸ்5 வழியாக எஸ்.ஐ.வி.யின் காக் புரதத்தைத் தடுப்பூசியாகப் பெற்ற குரங்குகளை 89.6பிக்குப் பதில் எஸ்.ஐ.வி.மேக்239 என்னும் எஸ்.ஐ.வி. வகைக்கு உட்படுத்திய ஆய்வு 2005இல் வெளியானது. பாதுகாப்பு சொற்பமாக, தற்காலிகமாக மட்டுமே இருந்தது. அந்த முடிவுக்கு உரிய எடை கொடுக்கப்பட்டிருந்தால் ஸ்டெப் பற்றிய எதிர்பார்ப்பாவது அடக்கமாக இருந்திருக்கும்.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது, செய்திகளில் அது எப்போதும் விடுபட்டுவிடுகிறது. ஷிவ்வின் காக், போல் பகுதிகள் எஸ்.ஐ.வி.யினுடையவை. டி செல்கள் பெரிதும் குறிவைப்பது காக் போன்ற உட்புறப் புரதங்களை. எனவே மனிதர்களுக்கான எச்.ஐ.வி. காக் தடுப்பூசியை ஷிவ் கொண்டு சோதிக்கவே முடியாது; அதற்கு இணையான எஸ்.ஐ.வி. காக் தடுப்பூசி ஒன்றைத் தனியாகத் தயாரித்துத்தான் சோதிக்க வேண்டும். குரங்குக்குப் போடப்பட்டதும் மனிதருக்குப் போடப்பட்டதும் பெயரில் ஒன்று, பொருளில் வேறு. டி செல் சார்ந்த கேள்விகளுக்கு ஷிவ்வைவிட எஸ்.ஐ.வி.யே பொருத்தம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஸ்டெப்புக்கு முன்பே தொடங்கி, அதன்பின் வேகமெடுத்த மாற்றம் இரண்டு திசைகளில் நடந்தது. ஒன்று, சிசிஆர்5 வழியாக நுழையும் ஷிவ்கள்: 1990களின் இறுதியில் வந்த எஸ்எஃப்162பி3, பின்னர் மால்கம் மார்ட்டினின் ஆய்வகம் உருவாக்கிய ஏடி8, ஆப்பிரிக்காவில் மிகுதியாக உள்ள சி வகை உறைப்புரதத்தைக் கொண்டவை எனப் பலவும் வந்தன. மற்றொன்று, தொற்றச் செய்யும் முறை. முன்பெல்லாம் எல்லாக் குரங்குகளுக்கும் உறுதியாகத் தொற்றும்படி பெரிய அளவு வைரஸை ஒரே தடவையில் கொடுப்பார்கள். மனிதரில் ஒரு பாலுறவில் தொற்று நிகழும் வாய்ப்பு மிகச் சிறியது. பெரும்பாலும் ஒற்றை வைரஸே தொற்றை நிறுவுகிறது. எனவே குறைந்த அளவை வாரம் ஒரு முறை மலக்குடல் அல்லது யோனிச் சளிச்சவ்வு வழியாகத் திரும்பத் திரும்பக் கொடுத்து, எத்தனையாவது முறையில் தொற்றுகிறது என்று எண்ணும் முறை வந்தது. பெரிய அளவில் தகர்ந்துபோகும் சுமாரான பாதுகாப்பைக்கூட இந்த முறை காட்டிக்கொடுக்கும்.

ஷிவ் தன் முழுப் பயனைத் தந்தது எதிர்ப்பொருள் ஆய்வில்தான். உறைப்புரதம் எச்.ஐ.வி.யினுடையது என்பதால், மனித நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை அப்படியே குரங்குக்குச் செலுத்திச் சோதிக்கலாம்; மாற்றுப் பொருள் எதுவும் தேவையில்லை. தொற்றுக்கு முன்பே இரத்தத்தில் போதிய எதிர்ப்பொருள் இருந்தால் தொற்றை முற்றிலும் தடுக்க முடியும் என்பது 1990களின் இறுதியில் உறுதியானது. 2007இல் பி12 என்னும் எதிர்ப்பொருளின் வால் பகுதியை மாற்றி, நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பியோடு அது இணைய முடியாமல் செய்து பார்த்தார்கள். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் திறன் சிறிதும் குறையாதபோதும் பாதுகாப்பு குறைந்தது. எதிர்ப்பொருள் வைரஸை மறித்தால் மட்டும் போதாது, பிற செல்களை உதவிக்கு அழைக்கவும் வேண்டும் என்பதைச் சோதனைக் குழாய் ஒருபோதும் சொல்லியிருக்காது. 2013இல் பிஜிடி121 போன்ற ஆற்றல் மிக்க எதிர்ப்பொருள்கள், ஏற்கெனவே நாட்பட்ட தொற்றுள்ள குரங்குகளின் இரத்தத்தில் வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்தன. 2016இல் ஒரே ஒரு தடவை செலுத்திய எதிர்ப்பொருள், வாராந்திர ஏடி8 தாக்குதலுக்கு எதிராக அதிகபட்சம் 23 வாரங்கள் வரை காத்தது.

அதற்கடுத்த ஆண்டு வெளியான முடிவுதான் என் பார்வையில் இவற்றுள் மிகவும் சிந்திக்க வைப்பது. தொற்றிய மூன்றாம் நாளில் தொடங்கி, இரண்டு எதிர்ப்பொருள்களைச் சேர்த்து இரண்டு வாரச் சிகிச்சை மட்டும் 13 குரங்குகளுக்கு அளித்தார்கள். எதிர்ப்பொருள் உடலைவிட்டு நீங்கியதும் வைரஸ் தலைகாட்டியது. ஆனால் 6 குரங்குகள் பின்னர் தாமாகவே அதை அடக்கி நெடுங்காலம் வைத்திருந்தன. அவற்றின் சிடி8 செல்களை நீக்கியதும் வைரஸ் மீண்டும் எழுந்தது. வெளியிலிருந்து கொடுத்த எதிர்ப்பொருள், குரங்கின் சொந்த டி செல் எதிர்ப்பைத் திறம்பட வளர்த்துவிட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். டி செல் கேள்விக்கு எஸ்.ஐ.வி.யே பொருத்தம் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு. இங்கே கேட்கப்பட்டது குறிப்பிட்ட தடுப்பூசியின் திறன் அன்று, எதிர்ப்பொருளுக்கும் டி செல்லுக்கும் இடையிலான உறவு. அதைக் கேட்க எச்.ஐ.வி. உறை கட்டாயம் தேவை.

குரங்கில் கண்டது மனிதரில் எப்படி வெளிப்பட்டது? விஆர்சி01 என்னும் எதிர்ப்பொருளை எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செலுத்திய இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2021இல் வெளியானது. இரண்டிலும் சேர்த்து 4,600க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மொத்தத்தில் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் பணியும் வைரஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 75 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. குரங்கு ஆய்வுகளில் ஒவ்வொரு குழுவும் எதிர்கொண்டது ஒரே வகை வைரஸை, அதுவும் அந்த எதிர்ப்பொருளுக்குப் பணியும் என்று முன்பே தெரிந்த வைரஸை. மனிதர் எதிர்கொள்வது எண்ணற்ற வகைகளை. ஷிவ் கொள்கையைச் சரியாகச் சொன்னது, வைரஸின் பன்முகத்தை அதனால் சொல்ல இயலவில்லை.

இப்போது நுழைவுத் தடைக்கு வருகிறேன். ரீசஸின் சிடி4 மூலக்கூறில் 39ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மனிதரில் உள்ளதிலிருந்து வேறுபட்டது. அதனால் மனிதரிடையே இயல்பாகப் பரவும் எச்.ஐ.வி. உறைகள் குரங்கின் சிடி4ஐச் சரியாகப் பற்றுவதில்லை. பழைய ஷிவ்கள் தொடர் மாற்றத்தின் மூலம் இதைக் கடந்தன. ஆனால் அந்தப் போக்கில் உறையின் இயல்பும் மாறிப்போனது. 2016இல் ஜார்ஜ் ஷாவின் குழு எளிய வழியைக் கண்டது. உறைப்புரதத்தின் 375ஆம் இடத்தில் எச்.ஐ.வி.-1இல் பெரும்பாலும் செரின் என்னும் சிறிய அமினோ அமிலம் இருக்கும். குரங்கு வைரஸ்களில் அதே இடத்தில் பெரியது இருக்கும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நோயாளியிடமிருந்து எடுத்த உறை வேறு மாற்றமின்றிக் குரங்கில் செழித்து வளர்கிறது. இதன் பலன் 2021இல் தெரிந்தது. அரிதான, பரந்த வீச்சுள்ள எதிர்ப்பொருளை உருவாக்கிய நோயாளிகளின் வைரஸ் உறைகளைக் கொண்ட ஷிவ்களைக் குரங்குகளில் தொற்றச் செய்தபோது, சில குரங்குகளும் அத்தகைய எதிர்ப்பொருள்களை உருவாக்கின. தப்பிக்க வைரஸ் எடுத்த மாற்றங்களும் அந்த நோயாளிகளில் அது எடுத்த மாற்றங்களை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. மனிதரில் ஒரே ஒருமுறை நடந்ததைக் குரங்கில் பலமுறை திரும்ப நடத்திப் பார்க்க முடிகிறது. எந்த வரிசையில் எந்த உறை வடிவத்தைக் காட்டினால் அத்தகைய எதிர்ப்பொருள் பிறக்கும் என்று தேடும் தடுப்பூசி ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நெவிரபின் வகை மருந்துகளுக்காக, எஸ்.ஐ.வி.யில் எச்.ஐ.வி.யின் படியெடுக்கும் நொதியை மட்டும் பொருத்திய ஆர்டி-ஷிவ் 1995இல் உருவாக்கப்பட்டது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் கலவை தொற்றைத் தடுக்கும் என்பதை 2008இல் எஸ்எஃப்162பி3 ஷிவ்வைக் கொண்டு குரங்குகளில் காட்டினார்கள், 2010இல் மனிதரில் அது உறுதியானது. நீண்டநாள் செயல்படும் கபோடெக்ராவிர் ஊசி 2014இல் குரங்குகளைக் காத்தபோது, காப்புக்குத் தேவையான இரத்த அளவையும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. மனிதச் சோதனைகளுக்குப் பின் 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மருந்து விஷயத்தில் குரங்கு ஆய்வு தடுப்பூசியைவிடச் சிறப்பாக முன்னறிவித்திருப்பதற்குக் காரணம் எளியது. மருந்து நொதியைத் தடுக்கிறது, இரு இனங்களின் நோயெதிர்ப்பு மண்டலங்களும் எவ்வளவு ஒத்தவை என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

கலப்பின் அளவைக் குறைத்து, ஏறத்தாழ முழு எச்.ஐ.வி.யையே குரங்கில் வளர்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. பன்றிவால் குரங்குகளில் எச்.ஐ.வி.-1ஐத் தடுக்கும் ட்ரிம்5 இல்லை. எனவே விஃப்பை மட்டும் மாற்றினால் எச்.ஐ.வி. அவற்றில் தொற்றுகிறது என்று 2009இல் காட்டினார்கள். தொடர் மாற்றத்தால் அந்த வைரஸ் பன்றிவால் குரங்கின் டெதரினையும் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. 2014இல் அது எய்ட்ஸை உண்டாக்கியது, ஆனால் தொற்றின் தொடக்கத்தில் குரங்கின் சிடி8 செல்களை நீக்கினால் மட்டுமே. நோயெதிர்ப்பை ஆராய வேண்டிய மாதிரியில் நோயெதிர்ப்பின் முக்கியமான ஒரு கரத்தைக் கட்டிவைக்க வேண்டியிருப்பது சிறிய குறையன்று.

எனவே அடுத்த முறை 'குரங்குகளில் வெற்றி' என்ற செய்தியைக் காணும்போது, பயன்படுத்தியது எஸ்.ஐ.வி.யா, ஷிவ்வா, ஷிவ் என்றால் யாருடைய உறை, அது சிசிஆர்5 வழியாக நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். தடுப்பூசியில் உள்ள உறையும் தாக்கும் வைரஸின் உறையும் ஒன்றேயானால், அல்லது மிக நெருங்கியவையானால், கிடைத்த பாதுகாப்பைப் பெரிதும் குறைத்தே மதிப்பிட வேண்டும். குரங்குகளின் மரபும் கேட்கத் தக்கது: 1978இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்வதற்கு முன் அமெரிக்கா சென்றவற்றின் வழிவந்த ரீசஸ் குரங்குகளில் எஸ்.ஐ.வி. சீன மரபு ரீசஸ்களில் இருப்பதைவிடப் பொதுவாகக் கூடுதலாகப் பெருகுகிறது. மாமு-பி*08, மாமு-பி*17 போன்ற மரபணு வகைகளைக் கொண்ட குரங்குகளில் சில தடுப்பூசி இல்லாமலே அதை அடக்கிவிடுகின்றன. சிறிய குழுவில் அத்தகைய இரண்டு குரங்குகள் தற்செயலாகத் தடுப்பூசிப் பிரிவில் சேர்ந்துவிட்டாலே முடிவு சாய்ந்துவிடும்.